வரப்பு ஓரம்: காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவே

கேள்வி: "ஓரிக்கை பக்கம் எங்களுக்கு 80 சென்ட் நிலம், இரண்டு கறவை மாடு. வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்கிறார். நிலமும் மாடும் என் பொறுப்பு. கல்யாணமாகி 15 வருஷத்தில் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. மதுராந்தகம் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்கே காலையில் போய் சாயங்காலம் பால் கறக்க ஓடி வந்துவிடுவேன். எட்டாவது படிக்கும் என் மகன் போன வாரம், 'எம்மா, நீ எங்கனா போயிருக்கியா? நாளைக்கு நானும் மாட்டக் கட்டிக்கினு இங்கியே கெடக்கணுமா?' என்று கேட்டுவிட்டான். மாடுகளை விற்றுவிடலாமா என்று யோசனையாக இருக்கிறது. ஒன்று, தை நடுவில் கன்று போடும். என்ன செய்யலாம்?"

ஒரு வாசகி, காஞ்சிபுரம் மாவட்டம்.

பதில்: இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன மருந்து, மண் மாதிரி எப்படி எடுப்பது என்று வரும் கடிதங்களுக்கு அன்றே பதில் எழுதிவிடுவேன். உங்கள் கடிதம் நாலு நாள் மேசையில் கிடந்தது, சகோதரி. சட்டென்று சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை.

முதலில் விற்பதைப் பற்றி. வேண்டாம் என்பதுதான் என் யோசனை. தறிக்கூலி சேலை முடிந்தால்தான் கைக்கு வரும். நெல் பணம் போகத்துக்கு ஒரு தடவை. நடுவில் அடுப்பு எரிவது சொசைட்டியில் ஊற்றும் பால் காசில். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை, உங்களைப் போன்ற வீடுகள்தான். மாடு போய்விட்டால் நீங்கள் ஊர் சுற்றப் போவதும் நடக்காது. கூலி வேலைக்குத்தான் போவீர்கள்.

உங்கள் மகன் கேட்டானே, அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். விவசாயம் ஏன் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கேட்டால் விலை இல்லை, தண்ணீர் இல்லை, ஆள் இல்லை என்று பெரியவர்கள் சொல்வதையே திருப்பிச் சொல்வார்கள். கொஞ்சம் பழகிய பிறகு கேட்டால் வேறு பதில் வரும். "லீவே கிடையாது சார்." இந்த ஒரு வரியை எத்தனை ஊர்களில் கேட்டேன் என்று கணக்கில்லை. அப்பா அம்மா ஒரே இடத்தில் கட்டிப்போட்ட மாதிரி இருப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடத்தான் நினைக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் ஊர்ப் பெயருக்கே ஒரு கதை உண்டு. பாதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். அவரைக் காஞ்சியை விட்டுப் போ என்று பல்லவ ராஜா விரட்டிவிடுகிறான். சீடர் போனால் குருவும் கிளம்புகிறார். குரு கிளம்பியதும், சொன்னவண்ணம் செய்த பெருமாள் தன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுகிறார். மூன்று பேரும் அன்று ராத்திரி தங்கிய இடம்தான் ஓரிரவு இருக்கை. அது சுருங்கி ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். ராஜா ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, எல்லோரும் ஊர் திரும்பினார்கள். அந்தக் கோயிலிலிருந்து ஓரிக்கை எவ்வளவு தூரம்? நல்ல நடை நடந்தால் ஒரு மணி நேரம். பெருமாளே வீட்டை விட்டுக் கிளம்பி அவ்வளவு தூரம்தான் போனார். அதைத்தான் இத்தனை நூறு வருஷமாக ஊர்ப் பெயராக வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் போனால்தான் போனது என்று நமக்கு யார் சொன்னது?

இப்போது நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். விவசாயிகளைக் கண்டுணர் சுற்றுலா அழைத்துப் போவது எங்கள் வேலையில் ஒன்று. பல வருஷம் வண்டி கிளம்பும் நேரத்தைக் குறித்தவன் நான்தான். விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி ராத்திரி 9 மணிக்குத் திரும்புவோம். வண்டி நிறைய ஆண்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. "பெண்களுக்கு ஆர்வம் போதாது" என்று நானே எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு அம்மாதான் முகத்துக்கு நேரே கேட்டார்கள்: "சார், அஞ்சு மணிக்கு வண்டி எடுத்தா பாலை யார் கறக்கிறது, உங்க வீட்டம்மாவா?" நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த முறை காலை 7 மணிக்கு வண்டி, பிற்பகல் மூன்றரைக்கு வீடு என்று போட்டேன். தூர ஊரை விட்டுவிட்டு வாலாஜாபாத் தாண்டி ஒரு காய்கறித் தோட்டம். பாதி வண்டிக்கு மேல் பெண்கள். தோட்டம் பார்த்து முடித்து, பழையசீவரத்தில் டீக்கு நிறுத்தினோம். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கோயிலைக் காட்டி ஒரு பெண், "அது இன்னா கோயில் சார்?" என்றார். திருமுக்கூடல் என்றேன். "போலாமா?" என்றார் இன்னொருவர். திட்டத்தில் இல்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். போனோம்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் அது. காஞ்சிபுரத்துக்குள் சாக்கடை போல ஓடுகிறதே வேகவதி, அது போய்ச் சேரும் இடத்தை வந்தவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. நடை சாத்தும் நேரத்துக்குச் சற்று முன்னால் உள்ளே நுழைந்தோம். 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய பெரிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றிய கணக்கு அதில் உண்டு. 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். இருப்பில் வைக்கும் மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் உண்டு. நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னயே ஆசுபத்திரியா? நம்ம ஊருக்கு இப்பக்கூட பதினஞ்சு பெட்டு இல்லியே" என்றார் ஒரு பெண். எல்லோரும் சிரித்தோம். பிறகு ஆற்றோரம் நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். புளிச்சோறும் துவையலும். மூன்றரைக்கு வீடு திரும்ப வேண்டியது நாலேகால் ஆகிவிட்டது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. மாடுகள் திட்டியிருக்கும்.

அன்று தோட்டத்தில் பார்த்த பந்தல் சாகுபடியை அவர்களில் எத்தனை பேர் செய்தார்கள் என்று கேட்காதீர்கள். ஆனால் இன்றும் எங்கே பார்த்தாலும் "சார், திருமுக்கூடல் போனமே" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

இதனால்தான் உங்களுக்கும் கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். காலை ஐந்தரைக்குக் கறந்து ஆறேகாலுக்கு சொசைட்டியில் ஊற்றினால், அடுத்த கறவை மாலை நாலரைக்கு. வீட்டு வேலை போக 7 மணியிலிருந்து 4 மணி வரை ஒன்பது மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. இங்கிலாந்தில் அலாஸ்டர் ஹம்ப்ரீஸ் என்று ஒருவர். நாலு வருஷம் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அப்படிப்பட்டவர் பிறகு, வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளை குட்டிக்காரர்களும் செய்யக்கூடிய குட்டிப் பயணங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். லண்டனைச் சுற்றி ஓடும் எம்-25 நெடுஞ்சாலையை ஒட்டியே நடந்து ஒரு சுற்று வந்தார். ஆபீஸ் வேலை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை என்றால், மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை ஒன்பது வரை உன்னுடையதுதானே என்பது அவர் கணக்கு. நம் கணக்கு அதற்குத் தலைகீழ். ராத்திரி மாட்டுடையது, பகல் நம்முடையது.

அந்த ஒன்பது மணி நேரமும் மாடு என்ன செய்யும் என்பதுதான் உங்கள் கவலையாக இருக்கும். கறவை மாடு ஒரு நாளைக்கு 60, 70 லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். ஆகவே ஒவ்வொரு மாட்டுக்கும் எட்டும் தூரத்தில் பெரிய தொட்டி நிரம்ப வைத்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் நிழலாக இருக்கும் இடம் மதியம் இரண்டு மணிக்கு வெயிலாகிவிடும். மேற்கு வெயில் படாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். வைக்கோல் போதுமான அளவு போடலாம், பசுந்தீவனம் சாயங்காலம் வந்து போட்டுக்கொள்ளலாம். போகிற அவசரத்தில் இரண்டு வேளைத் தவிட்டையும் தீவனத்தையும் சேர்த்து ஒரே தடவையில் வைத்துவிடாதீர்கள். வயிறு கெட்டு உப்பிக்கொள்ளும். தீனி எடுக்காத மாட்டையும் நாள் நெருங்கிய சினை மாட்டையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பக்கத்து வீட்டில் நடுவே ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொன்னால் போதும். அடுத்த வாரம் அவர்கள் போகும்போது நீங்கள் எட்டிப் பாருங்கள்.

எந்த நாளில் போவது? நாள் குறித்தால் போக மாட்டீர்கள், எனக்குத் தெரியும். குறித்த நாளில்தான் களையெடுக்க ஆள் கிடைக்கும், கல்யாணப் பத்திரிகை வரும். அதனால் தானாக வந்து விழும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்து விட்ட மறுநாள் மருந்து அடிக்க முடியாது, யூரியா போடக்கூடாது. உங்கள் வீட்டுக்காரருக்கும் அன்று தெருவில் பாவு விரிக்க முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறியிருக்கும். நிலமும் தறியும் ஒரே நாளில் விடுப்புக் கொடுக்கிற வீடு உங்களுடையது. வடிகால் அடைத்திருக்கிறதா என்று காலையில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இளம்பயிர் தண்ணீரில் மூழ்கி நிற்கிற அடைமழை நாளைச் சொல்லவில்லை. அன்றைக்கு வயலில்தான் இருக்க வேண்டும். அறுவடைக்கு 10, 15 நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிட்ட பிறகும் இப்படி ஓர் இடைவெளி வரும். அறுவடை இயந்திரம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத நாளும் உண்டு. திட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்காமல் பஸ் ஏறுங்கள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. கூட வருகிறவர்களுக்கு மட்டும்தான் செலவு. சோறு வீட்டிலிருந்தே.

எங்கே போவது என்றால், முதலில் பாலாறு. சிரிக்காதீர்கள். தினம் பாலத்தின் மேல் போய் வருகிறோம், ஆற்றில் இறங்கி எத்தனை நாளாயிற்று? கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் வந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேரும் ஆறு இது. அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில். 2021 நவம்பரில் இரு கரையும் நிரம்பி ஓடியபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். வெள்ளம் வடிந்த தை, மாசியில் போங்கள். பிள்ளையை மணலில் ஊற்றுத் தோண்டச் சொல்லுங்கள். கையால் தோண்டிய குழியில் முதலில் கலங்கலாகவும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் ஊறுவதை அவன் ஒரு தடவை பார்க்கட்டும். இந்த ஆற்றில் ஊற்றுக்கால் வெட்டித்தான் அந்தக் காலத்தில் பல ஊர்களுக்குப் பாசனம் நடந்தது. பாடப்புத்தகத்தில் நிலத்தடி நீர் என்று படிப்பதை நான் நாலு பக்கம் எழுதினாலும் அப்படிப் புரியவைக்க முடியாது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மணல் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. தண்ணீர் ஓடும்போதும் தேங்கி நிற்கும்போதும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், நீச்சல் தெரிந்தாலும்.

அய்யங்கார்குளம் நடவாவிக் கிணறு அடுத்தது. படியில் இறங்கிப் போனால் பூமிக்கு அடியில் தூண் மண்டபம், அதற்கு நடுவில் கிணறு. சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீரை இறைத்துவிட்டு வரதராஜப் பெருமாளை உள்ளே எழுந்தருளச் செய்வார்கள். அன்று கூட்டம் தாங்காது. சாதாரண நாளில் தண்ணீர் எத்தனை படி வரை நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. பக்கத்திலேயே சஞ்சீவிராயர் கோயிலும் பெரிய குளமும் இருக்கின்றன. கிணறு வெட்டிக் கடன்பட்டவர்கள் நிறையப் பேர் நம்மில் உண்டு. கல்லை இப்படி அடுக்கிக் கிணறு கட்டியவனுக்கு யார் கடன் கொடுத்தார்களோ என்று எனக்கு அங்கே போகும்போதெல்லாம் தோன்றும்.

உத்திரமேரூர் உங்கள் ஊர் வழியாகவே போகும் சாலையில் இருக்கிறது. 919, 921-ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. உங்கள் மகன் பள்ளியில் படித்திருப்பான். மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்பான். கணக்குக் காட்டாதவன் மறுபடி உறுப்பினராக முடியாது என்ற விதியை, அதை வெட்டிய சுவருக்கு முன்னால் நின்று அவனே உங்களுக்குச் சொல்லட்டும். ஏரி வாரியம் என்று ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழு இருந்ததையும் கேளுங்கள். நம் ஏரிகளின் இன்றைய நிலையைப் பற்றி இங்கே எழுதினால் பக்கம் போதாது.

ஒரு எச்சரிக்கை. ஒரே நாளில் மூன்று இடம் என்று போட்டுக்கொள்ளாதீர்கள். அலைச்சல்தான் மிஞ்சும்.

என் அம்மாவும் மாடு வைத்திருந்தவர்தான். பாலாற்றங்கரை ஊர் எங்களுடையது. நான் வேலைக்கு வந்து பல வருஷம், "மாட்டை யார் பார்க்கிறது" என்று எங்கு கூப்பிட்டாலும் வர மறுத்துவிட்டார். முட்டி வலியால் மாட்டை விற்ற பிறகு, 72 வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாகக் கல்பாக்கம் பக்கம் போனபோது அழைத்துப் போனேன். வயலூரில் ஆறு கடலில் சேருகிற இடத்தில் இறங்கினோம். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். எதுவும் பேசாமல் வெகுநேரம் நின்றார். பிறகு, "இவ்ளோ கிட்டயா இருந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

உங்களை நான் 72 வரை காத்திருக்க விட மாட்டேன். பகல் பயணம் நாலைந்து பழகிய பிறகு ஒரு ராத்திரிக்கு வருவோம். மாடு ஆள் மாறினால் பால் குறைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பழகிய கை, பழகிய குரல், தவிட்டு வாளிச் சத்தம் இவற்றுக்குத்தான் மாட்டின் உடம்பில் பாலை இறக்கும் சுரப்பு சுரக்கும். புது ஆளைப் பார்த்து மிரண்டால் அது நின்றுவிடும், மடியில் பால் இருந்தும் இறங்காது. அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணையோ உங்கள் வீட்டுக்காரரையோ பத்து நாளைக்குக் கூடவே உட்கார வையுங்கள். முதல் நாலு நாள் சும்மா நிற்கட்டும், தீவனம் வைக்கட்டும். பிறகு கடைசிப் பாலை மட்டும் அவர் கறக்கட்டும். பத்தாம் நாள் அவர் கறக்க, நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

தையில் ஈனும் மாட்டுக்கு, கன்று போடும் நாளுக்கு 60 நாள் முன்னால் கறவையை நிறுத்த வேண்டும். தை 15 வாக்கில் ஈனும் என்றால் கார்த்திகை 15-ல் நிறுத்துங்கள். முதல் பத்து நாள் மடியைக் கவனிக்க வேண்டும். தை பிறந்துவிட்டால் மாட்டை விட்டு நகரக்கூடாது. நடுவில் இருக்கும் மார்கழியில் அந்த மாட்டுக்குக் கறவையே இல்லை, தீனியும் தண்ணீரும்தான். பழக்கிய ஆள் மற்ற மாட்டைக் கறந்துகொள்வார். சம்பா நெல்லும் அப்போது முற்றிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான்.

ஒரு சாயங்காலம் மகனோடு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்த் தங்குங்கள். மறுநாள் விடியும் முன் எழுந்து வேடந்தாங்கல் போங்கள். மதுராந்தகத்திலிருந்து பக்கம்தான். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். அந்த ஏரியைக் காப்பாற்றியது பக்கத்து ஊர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று தெரிந்து, பறவைகளைச் சுடக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். இதை உங்கள் மகனிடம் சொல்ல நான் வர வேண்டியதில்லை, நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கறவையை நிறுத்தும் அன்று கடைசிப் பாலை முழுசாகக் கறந்துவிடுங்கள். மடிநோய் வராமல் இருக்க நாலு காம்பிலும் மருந்து ஏற்ற வேண்டுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவிட்டையும் தீவனத்தையும் நாலைந்து நாள் முன்பிருந்தே குறைத்து வாருங்கள், பால் தானாக வற்றும். மடி சிவந்தோ சூடாகவோ வீங்கினால் பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பறவைகள் மார்ச் வரை இருக்கும்.